சட்டியோடு நட்ட தோட்டம்

என் சித்தப்பாவுக்குப் பொய் பேசத் தெரியாது என்று ஊரில் நல்ல பெயர் இருந்தது. தெரியாத வேலையில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை அவருடைய முதல் பொய்யே காட்டிவிட்டது. அதை மூடி மறைக்க வாசலில் இருபத்தொரு குழி வெட்ட வேண்டியிருந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. சூலூருக்குத் தெற்கே, கிணறும் பருத்திக்காடுமாக இருந்த தோட்டத்துக்குள் எங்கள் வீடு. முப்பதுகளில் ஏதோ ஒரு வருஷம். எது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கோயமுத்தூரில் புதுசு புதுசாக மில் எழும்புகிறது என்று பெரியவர்கள் வாயைப் பிளந்துகொண்டிருந்த காலம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவர்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த அத்தை என்று ஐந்து பேர்.

அத்தைக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. எப்போதும் வெள்ளைச் சீலைதான். வளையல் கிடையாது, பொட்டு கிடையாது. ஒறம்பரை, விருந்தாளி என்று யாராவது வண்டியை விட்டு இறங்கினால் போதும், அவள் பின்கட்டுக்குப் போய்விடுவாள். அவர்கள் புறப்பட்டுப் போன பிறகுதான் திரும்ப முகத்தைப் பார்க்க முடியும். அத்தைக்கு வெள்ளை நிறம் பிடிக்கும், கூட்டம் பிடிக்காது என்று நானாகவே முடிவு கட்டி வைத்திருந்தேன். தினமும் எனக்குத் தலை வாரிப் பின்னிவிடுவது அவள்தான். சிக்கு எடுக்கும்போது நான் கத்துகிற கத்தலுக்குக் கிணற்று மேட்டில் இருக்கிற மாடுகள்கூடத் திரும்பிப் பார்க்கும். அவள் மட்டும் கோபப்படவே மாட்டாள்.

சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தது கிணத்துக்கடவுப் பக்கம். அப்பாவோடு போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தவர், இரண்டு நாள் சோளக்கூழில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் குடித்தார். பெண்ணைப் பற்றி வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. சிக்கல் அவளுடைய தகப்பனார். அந்த மனிதருக்குச் செடிப் பைத்தியம். தென்னந்தோப்பு வைத்திருந்தவர் அது போதாதென்று வீட்டைச் சுற்றிலும் பூச்செடியும் பழமரமுமாக வளர்த்து, காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றிடமும் போய் நலம் விசாரிப்பாராம். இதே பெண்ணுக்கு முன்னால் வந்த இரண்டு சம்பந்தங்களை, மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஒரு பூச்செடிகூட இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர்.

பெண் பார்க்கப் போன இடத்தில் அவர் சித்தப்பாவைப் பார்த்து, உங்கள் வீட்டில் என்னென்ன செடி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். கேட்ட நேரத்தில் கதவிடுக்கில் அந்தப் பெண்ணின் ஒரு கண் தெரிந்திருக்கிறது. சித்தப்பா வாயைத் திறந்து, "ரோஜாத் தோட்டமே போட்டிருக்கறேனுங்க, மாமா" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் மோர் குடித்துக்கொண்டிருந்த அப்பாவுக்குப் புரையேறியது. பெண்ணின் தகப்பனாருக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. பதினைந்து நாளில் வீடு பார்க்க வரும்போது அந்தத் தோட்டத்தையும் பார்த்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் வாசலில் புல் முளைத்தாலே அம்மா கொத்தி எறிந்துவிடுவாள். மிளகாயும் கடலைக்காயும் காயப்போட இடம் வேண்டுமே. பச்சை என்று சொல்ல ஒரு வேம்பும் ஒரு முருங்கையும் இருந்தன. அந்த முருங்கைக்கும் அடிமரம் பக்கத்துத் தோட்டத்தில். கிளை மட்டும்தான் எங்களுடையது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சித்தப்பாவைப் பிடித்து ஒரு பாட்டம் திட்டினார். பிறகு, சொன்னது சொன்னதாகிவிட்டது, இனி மானத்தைக் காப்பாற்றுகிற வழியைப் பார் என்று வண்டி கட்டச் சொன்னார். கோயமுத்தூரில் பங்களா வீடுகளுக்கெல்லாம் செடி கொடுக்கிற ஒருவர் இருந்தார். மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் சித்தப்பா வண்டி நிறையச் செடிகளோடு வந்து சேர்ந்தார். எல்லாம் மண்சட்டியில் வளர்ந்தவை. ஆறு ரோஜா, அதில் ஒன்று மஞ்சள். வண்ணம் வண்ணமாகக் குரோட்டன்ஸ், அடுக்குச் செம்பருத்தி, நந்தியாவட்டை, காகிதப்பூ, பவழமல்லி, என் உயரம்கூட இல்லாத ஒட்டு மாங்கன்று இரண்டு. எண்ணிப் பார்த்தேன், இருபத்தொன்று. வண்டி ஊருக்குள் நுழைந்ததிலிருந்து பின்னாலேயே வந்த கூட்டம், இது கல்யாணச் சீரா, யாராவது வெள்ளைக்காரன் குடிவருகிறானா என்று எங்களையே கேட்டது.

செடிக்காரர் சொல்லி அனுப்பிய முறையைச் சித்தப்பா வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். சட்டியைப் போல இரண்டு மடங்கு அகலத்துக்குக் குழி வெட்ட வேண்டும். சட்டியைத் தட்டி உடைத்துச் செடியை மண்ணோடு எடுக்க வேண்டும். சுற்றிச் சுற்றிச் சுருண்டு கிடக்கிற வேரை விரலால் மெல்லப் பிரித்துவிட வேண்டும். சட்டியில் எந்த மட்டத்தில் நின்றதோ அதே மட்டத்தில் குழிக்குள் இறக்கி, மண் தள்ளி, காலால் அழுத்தி, வயிறு நிறையத் தண்ணீர் விட வேண்டும். அவர் இதை ஐந்தாறு முறை ஒப்பித்ததில் எனக்கும் மனப்பாடமாகிவிட்டது.

எங்கள் பண்ணையத்தில் சின்னான் என்று ஒருவர் இருந்தார். என் அப்பாவைவிட மூத்தவர், ஆனாலும் எட்டு வயது நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவர் ஒரே பகலில் இருபத்தொரு குழியையும் வெட்டி முடித்தார். சித்தப்பா முதல் செடியைக் குழிக்குப் பக்கத்தில் வைத்து, சட்டியைப் பதம் பார்த்து, மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து ஓங்கினார். கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்த அப்பா அதைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த தட்டோடு ஓடி வந்தார்.

"ஏன்டா, கல்யாணம் பேசற ஊட்டு வாசல்ல சட்டியப் போட்டு ஒடைக்கறதாடா? சட்டிய எங்க கொண்டுபோயி ஒடைப்பாங்கன்னு உனக்குத் தெரியாது?"

சுடுகாட்டில்தான் உடைப்பார்கள். அது எனக்கே தெரியும். ஒரு சட்டிக்கு ஒரு சாவு என்றால் இருபத்தொரு சட்டிக்கு ஊரில் மிச்சம் இருப்பது யார் என்று அப்பா கேட்டார். சித்தப்பா ஓங்கிய மண்வெட்டியை அப்படியே தோளில் சாய்த்துக்கொண்டு, வேலைக்குப் புறப்பட்ட ஆள் மாதிரி நின்றார்.

உடைக்காமல் செடியை வெளியே எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. முதலில் ஒரு குரோட்டன்ஸ். சித்தப்பா சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, சின்னான் செடியைப் பிடித்து இழுத்தார். தேர் இழுக்கிற மாதிரி இருவரும் மூச்சுப் பிடித்ததில், செடி வந்தது, வேர் வரவில்லை. சின்னான் கையில் ஒரு குச்சியும் நான்கு இலையும் இருந்தன. அடுத்து ஒரு ரோஜாச் சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, தலைகீழாகத் தூக்கிப் பிடித்து அடியில் தட்டினார்கள். செடி விழுந்தால் ஏந்திக்கொள்ள நான் கீழே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். செடி விழவில்லை, சேறு முழுக்க என் தலையில் விழுந்தது. சட்டியின் அடித்துளை வழியாக வேர் வெளியே வந்து இறுக்கிக்கொண்டிருந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. அத்தைதான். அன்று எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் அவள் சிரிப்பு நிற்கவில்லை.

கடைசியில் வழி சொன்னவரும் அப்பாதான். சட்டியோடேயே குழிக்குள் இறக்கி, விளிம்பு தெரியாமல் மேலே மண்ணைத் தள்ளிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார். அரை நாளில் தோட்டம் தயாராகிவிட்டது. செத்துப்போன குரோட்டன்ஸ் குச்சியையும் ஒரு குழியில் நட்டு வைத்தார் சித்தப்பா, எண்ணிக்கை குறையக்கூடாது என்று.

இப்படி நட்டதில் சில வசதிகள் இருந்ததையும் சொல்ல வேண்டும். காலையில் எழுந்து வாசலைப் பார்ப்பார் சித்தப்பா. சிவப்பு ரோஜா இந்தப் பக்கம் இருந்தால் வண்டியை விட்டு இறங்கும்போதே கண்ணில் படுமே என்று தோன்றும். உடனே இரண்டு சட்டியைத் தோண்டி இடம் மாற்றிவிடுவார். மறுநாள் அது சரியாகப் படாது, பழைய இடத்துக்கே போகும். அம்மாவுக்கு மிளகாய் காயப்போட வேண்டுமென்றால் நான்கு செடியை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, சாயங்காலம் திரும்ப நட்டுவிடுவோம். செடி என்றால் இப்படித்தான், கட்டில் பெஞ்சு மாதிரி நகர்த்திக்கொள்ளலாம் என்று நான் நினைத்தேன். தண்ணீர் ஊற்றுகிற வேலை எனக்கும் அத்தைக்கும். அத்தை ஒவ்வொரு செடியின் இலையையும் திருப்பிப் பார்ப்பாள். ஒரு வாரத்தில், இலை பழுக்கிறதே, இதுகளுக்கு மூச்சுவிட இடமில்லையே என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

வீடு பார்க்க வருகிற நாளும் வந்தது. சித்தப்பா விடியற்காலையிலேயே பழுத்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிவிட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு கமர்கட்டைக் கையில் திணித்து, வந்தவர்கள் போகிற வரைக்கும் சட்டி என்ற பேச்சே உன் வாயில் வரக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். எனக்குச் சத்தியம் என்றால் சத்தியம்தான். அம்மா என்னிடம் பருப்புச் சட்டியை எடுத்துவரச் சொன்னபோதுகூட, எதை என்று கேட்காமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

இரண்டு சவாரி வண்டிகளில் ஐந்தாறு பேர் வந்து இறங்கினார்கள். அத்தை வழக்கம்போலப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். பெண்ணின் தகப்பனார் நெட்டையான மனிதர். கொடுத்த தண்ணீரை மரியாதைக்கு ஒரு மடக்குக் குடித்துவிட்டு, முன்கட்டு ஆசாரத்தில் போட்டிருந்த பாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகச் செடிகளிடம் போனார். குனிந்தார், நிமிர்ந்தார், இலையைத் தடவினார். நட்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்டார். ஒரு வருஷம் ஆகிறது என்றார் சித்தப்பா. ஒரு வருஷத்தில் இவ்வளவுதானா வளர்ந்தது என்று அவர் புருவத்தைத் தூக்கினார். மண் கொஞ்சம் கெட்டி என்று சித்தப்பா சமாளித்தார். பொய் சொல்லச் சொல்லப் பழகிவிடும் போலிருக்கிறது. அந்தச் செத்த குச்சியைக் காட்டி இது என்ன என்று கேட்டபோது, அது மழைக்குத்தான் துளிர்க்கும் ஜாதி என்று கூசாமல் சொன்னார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் ரோஜாவுக்கு முன்னால் வந்து நின்ற பெண்ணின் தகப்பனார், தம்மிடம் எல்லாச் செடியும் இருக்கிறது, இந்த மஞ்சள் மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்து மரியாதை எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு அடுத்து நடந்ததைச் சொல்லவே வேண்டியதில்லை. விருந்தாளி ஒரு பொருளை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அது அந்த நிமிஷமே அவருடையது. அப்பா உடனே, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். அவர், ஐயோ வேண்டாம் என்றார். உங்களுக்கு இல்லாததா என்றார் அப்பா. வேர் பிடித்த செடியைப் பறிப்பது பாவம் என்றார் அவர். ஒரு செடிக்குப் பார்த்தால் உறவு என்னத்துக்கு என்றார் அப்பா. இப்படி ஆளுக்கு ஏழெட்டு 'ங்க' போட்டு இருவரும் மரியாதையில் மல்லுக்கட்டினார்கள். அந்த வேகத்தில் அப்பாவுக்குச் சட்டி சுத்தமாக மறந்துபோனது. சித்தப்பா அவருக்குப் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார், வேட்டியைப் பிடித்து இழுத்தார், கடைசியில் காலையே மிதித்தார். என்னடா ஒரே நமைச்சல் என்று அவரை அதட்டிவிட்டு, வேர் அறாமல் சுற்றிலும் ஒரு சாண் விட்டுத் தோண்டச் சொல்லிச் சின்னானைக் கூப்பிட்டார் அப்பா.

சின்னான் மண்வெட்டியோடு வந்து சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "தோண்டட்டுங்களா, சாமி? ரோசன பண்ணிச் சொல்லுங்க" என்றார். அதைவிட ஒரு மனிதர் எப்படி எச்சரிக்க முடியும்? அப்பா, தோண்டு என்றார்.

இரண்டாவது வெட்டுக்கே டங் என்று கேட்டது. மூன்றாவது வெட்டில் சட்டி முழுசாக, கழுவித் துடைத்து வைக்கலாம் போல, வெளியே வந்தது.

எல்லோரும் அந்தச் சட்டியையே பார்த்தார்கள். எனக்கோ வாய் நமநமத்தது. ஆனாலும் வாங்கின கமர்கட்டுக்கு விசுவாசமாக, "எல்லாமே அதுலதானுங்க இருக்குது" என்று மட்டும் சொன்னேன். சட்டி என்று சொல்லவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றிய பெருமையோடு சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் வேப்பமரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா மறைக்கவில்லை. தம்பி சொன்ன பொய், வாங்கிவந்த செடி, சட்டியை உடைக்க விடாத காரணம் எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பெண்ணின் தகப்பனார் அந்தச் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். அடித்துளையில் வேர் வெள்ளை வெள்ளையாக வெளியே வந்து திரும்பவும் உள்ளே போக வழி தேடிக்கொண்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பொய்யி போவுதுங்க. ஆசப்பட்ட பையன், சொல்லிப்போட்டான். ஆனா வாயில்லாத செடிய இப்படிக் கழுத்த நெரிச்சு வெச்சிருக்கறீங்களே, மனசு கேக்குதுங்களா?"

அவர்கள் ஊரில் மட்டும் சட்டியை எப்படி உடைக்கிறார்கள் என்று அப்பா கேட்டார். அவர், ஏணி இரவல் வாங்குகிற விஷயம் போல, சாதாரணமாகப் பதில் சொன்னார். அவர்கள் ஊரில் புருஷனும் பிள்ளையும் இல்லாத ஒரு கிழவி இருக்கிறாளாம். அவளுக்கு இனிமேல் ஆக வேண்டிய நல்லது ஒன்றும் இல்லையாம். அதனால் அவளே வந்து உடைத்துக் கொடுத்துவிட்டுப் போவாளாம். நீங்களும் அப்படி ஒருவரைப் பார்த்து முறைப்படி நட்டுவிடுங்கள், ஒரு மாதம் கழித்து வருகிறேன், துளிர் விட்டிருந்தால் அன்றைக்கே நாள் குறிப்போம், இல்லையென்றால் என் மகளை மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். மஞ்சள் ரோஜாவைச் சட்டியோடு மடியில் வைத்துக்கொண்டுதான் போனார். அந்த அளவுக்கு மரியாதை விட்டுப்போகவில்லை.

மிச்சம் பத்தொன்பது சட்டி. மறுநாளிலிருந்து அப்பாவும் சித்தப்பாவும், இனி ஆக வேண்டிய நல்லது ஒன்றும் இல்லாத ஆளைத் தேடி ஊருக்குள் அலைந்தார்கள். இதைவிட வம்பான தேடல் உண்டா? எண்பது வயதுக் கிழவி ஒருத்தி, கொள்ளுப்பேரனுக்குத் தை மாசம் காது குத்து வைத்திருக்கிறது, என்னைப் பார்த்தா கேட்கிறீர்கள் என்று துடைப்பத்தை எடுத்தாள். பெண்டாட்டி போய்ப் பத்து வருஷமாகத் தனிக்கட்டையாக இருந்த ஒரு தாத்தாவைக் கேட்டால், அவர் மீசையைத் தடவிக்கொண்டு, அந்தியூர்ப் பக்கம் தமக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது என்று வெட்கப்பட்டார். அவருக்கு அறுபத்தைந்து வயது. இன்னொரு வீட்டில் எருமை சினையாக இருந்தது. கடைசியில் அப்பா சின்னானை ஏறிட்டுப் பார்த்தார். சின்னான் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தம் வீட்டிலும் மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருப்பதைப் பணிவாகச் சொன்னார். நான்கு நாளில் எங்கள் ஊர் முழுவதும் நல்ல காரியங்கள் நிரம்பி வழிவது தெரிய வந்தது. செடிகளோ இலையை உதிர்த்துக்கொண்டே இருந்தன.

நான்காம் நாள் சாயங்காலம் எல்லோரும் ஆசாரத்தில் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா தூணில் தலையைச் சாய்த்திருந்தார். சமையலறையிலிருந்து அத்தை வந்து அப்பாவுக்கு எதிரே நின்றாள்.

"நான் ஒடைக்கறேனுங்ணா. ஊடு ஊடாப் போயித் தேடுனீங்களே, என்னைய ஏன் கேக்காம உட்டீங்க?"

அப்பா தம் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே எழுந்து போனாள். சித்தப்பாதான், எனக்குக் கல்யாணமே வேண்டாம் அக்கா, செடி செத்தால் சாகட்டும் என்றார். செடி என்ன பாவம் செய்தது, அந்தப் பெண் என்ன பாவம் செய்தது என்று கேட்டுவிட்டு, முளை அடிக்கிற கொட்டாப்புளியை எடுத்து வரச் சொன்னாள் அத்தை. இவ்வளவு நல்ல யோசனை கிடைத்ததற்கு எல்லோரும் ஏன் இப்படி முகத்தைத் தொங்கப்போடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குச் சந்தோஷம் பொறுக்கவில்லை. எண்பது வயதுக் கிழவியே பயந்த காரியத்துக்கு எங்கள் அத்தை துணிந்துவிட்டாளே.

மறுநாள் காலையில் சின்னான் சட்டிகளைத் தோண்டி வரிசையாக வைத்துவிட்டுத் தள்ளிப்போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அப்பா, அம்மா, சித்தப்பா எல்லோரையும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னாள் அத்தை. சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நான் பின்வாசலால் நழுவி ஓடி வந்தேன்.

முதல் சட்டியை அவள் பயந்து பயந்துதான் தட்டினாள். அது உடையவில்லை. சீலையை வரிந்து செருகிக்கொண்டு இன்னொரு போடு போட்டாள். படார் என்று நான்காகப் பிளந்தது. அத்தை அண்ணாந்து சிரித்தாள். கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவள் வாசல் நடுவில் நின்று அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. படார், படார். ஓடுகள் வேப்பமரம் வரைக்கும் தெறித்தன. உடைத்ததும் தரையில் உட்கார்ந்து, வேரை எடுத்து, என் தலையில் சிக்கு எடுக்கிற அதே விரலால் மெல்ல மெல்லப் பிரித்துவிட்டாள். செடிக்காரர் சொன்ன முறையை நான் பக்கத்தில் நின்று ஒப்பித்தேன். அதே மட்டத்தில் இறக்கு, மண்ணைத் தள்ளு, அழுத்து, தண்ணீர் விடு. எல்லாம் தப்பாமல் செய்தாள்.

எட்டு ஒன்பது சட்டி உடைந்த பிறகு எனக்குக் கை துறுதுறுத்தது. எனக்கு ஒன்றே ஒன்று கொடு என்று கெஞ்சினேன். அவள் கேட்காதது போல இருந்தாள். நான் சின்னதாக ஒரு சட்டியைப் பார்த்துவைத்து, அவள் வேரைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் கொட்டாப்புளியைத் தூக்கிவிட்டேன். ஒரே பாய்ச்சலில் வந்து அதைப் பிடுங்கி, என் கன்னத்தில் பளீரென்று ஓர் அறை வைத்தாள்.

"உன்ற கை இதுல படக்கூடாது, அம்மணி. உனக்கு இன்னும் எல்லாம் ஆகோணும்."

அத்தை என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். அடித்துவிட்டு அவளே அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பத்தொன்பதையும் தானே உடைக்க வேண்டும் என்ற பேராசை அவளுக்கு, ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க மனசில்லை என்று தோன்றியது. அன்றிலிருந்து அவளோடு நான் பேசவில்லை. தலையை அம்மாவிடம் கொடுத்துக் கோணல் வகிடோடு பள்ளிக்கூடம் போனேன். அப்பா அன்று பகலும் இரவும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அவருக்கு வயிறு சரியில்லை என்று நினைத்தேன்.

செடிகள் அத்தையை ஏமாற்றவில்லை. இருபது நாளில் ரோஜாக்களில் சிவப்புச் சிவப்பாகத் துளிர் வந்தது. மாங்கன்று பளபளவென்று புது இலை விட்டது. சொன்னபடி ஒரு மாதம் கழித்து வந்த பெண்ணின் தகப்பனார் ஒவ்வொரு செடியாகப் பார்த்து, தொட்டு, கடைசியில் சித்தப்பாவின் தோளில் கைவைத்து மாப்பிள்ளை என்று கூப்பிட்டார். வேரை இவ்வளவு பக்குவமாகப் பிரித்து நட்ட கை யாருடையது என்று அவர் கேட்டதற்கு மட்டும் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. அத்தை பின்கட்டில் இருந்தாள். ஆவணியில் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள்.

கல்யாணம் பெண் வீட்டில். விடிவதற்குள் ஐந்து வண்டிகள் வாசலில் வந்து நின்றன. எனக்குப் புதுப் பட்டுப்பாவாடை, கால் கொலுசு, தலை நிறையப் பூ. எல்லோரும் ஏறிக்கொண்டிருந்தபோது நான் பின்கட்டுக்குப் போனேன். அத்தை அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் போல நின்றுகொண்டிருந்தாள். அவள் கிளம்பவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியதை இன்று நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. இத்தனை நாள் பேசாமல் இருந்த நான் வாயைத் திறந்து, "எனக்கு ஒரு சட்டிகூடக் குடுக்காம நீயே ஒடச்சுட்டீல்ல? இப்ப நான் மட்டும் கல்யாணத்துக்குப் போறேன், நீ போகல" என்று சொல்லிக் கையை ஆட்டிக் காட்டினேன்.

அத்தை கோபப்படவில்லை. சிரித்தாள். "ஆமா கண்ணு. நீ போயிட்டு வந்து எல்லாத்தையும் எனக்குச் சொல்லோணும்" என்றாள். என் தலையிலிருந்து பூச்சரம் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய அவள் கையை நீட்டினாள். கை என் தலைக்குப் பக்கத்தில் வந்தது, அங்கேயே நின்றது, பிறகு திரும்பிப் போய்ச் சீலைக்குள் மறைந்துகொண்டது. அம்மாவிடம் போய் வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

பழி தீர்த்துவிட்ட திருப்தியோடு ஓடிப்போய் முதல் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அத்தையின் கையில் செடி மண் ஒட்டியிருக்கும், அதனால்தான் பூவைத் தொடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.